கையில் ஓடும் ஆறு நின்றுவிட்டால்...



அம்பாங் பெச்சா என்ற ஊர்ப் பெயரை நாம் எத்தனையோ முறை சொல்லியிருப்போம். அதன் பொருளை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? மலாய் மொழியில் 'அம்பாங்' என்றால் அணை. 'பெச்சா' என்றால் உடைந்தது. 1883-ஆம் ஆண்டில் கோலகுபுவில் இருந்த பழைய அணை உடைந்து, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அதில் மாண்டவர்களுள் அப்போதைய ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் ஒருவர். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

கதை எப்படியோ போகட்டும். அதற்குப் பின்னர் நடந்ததுதான் நமக்கு வேண்டும். ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண்ணும் மணலும் ஆற்றில் படிந்துகொண்டே போயின. படுகை மேடாக மேடாக ஆற்றின் ஓட்டம் தடைப்பட்டது. ஊருக்குள் அடிக்கடி வெள்ளம் புகுந்தது. கடைசியில் பழைய ஊரைக் கைவிட்டு, வேறு இடத்தில் புது ஊர் கட்டினார்கள். அதுதான் இன்றைய கோலகுபு பாரு. ஆற்றில் படிந்த மண்ணை உரிய காலத்தில் அகற்ற முடியாததால் ஓர் ஊரே இடம்பெயர வேண்டியதாயிற்று.

இதே போன்ற ஓர் அடைப்பு மனிதருடைய கையிலும் உண்டாகிறது. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளியின் கையில் ஓடும் இரத்த ஓட்டத்தைத்தான் சொல்கிறேன். அது அடைபட்டால் என்ன ஆகும்? பெரிய அறுவை இல்லாமல், ஊசித் துளை வழியாகவே அதை எப்படித் திறக்கிறார்கள்? அதற்கு நாம் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? இவற்றை இன்று பார்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அது அம்பாங் பெச்சாவில் இருக்கலாம். ராசாவிலோ, பத்தாங்காலியிலோ, கெர்லிங்கிலோ, கோலசிலாங்கூர்ப் பக்கம் புக்கிட் ரோத்தானிலோ இருக்கலாம். அந்த வீட்டில் ஒரு தாய். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர். இனிப்புநீர் வியாதி நாளடைவில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டது. இப்போது செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் டையாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

அவருடைய இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, கயிறு போலப் புடைத்த ஓர் இரத்தக்குழாய். அதன்மேல் விரல்களை வைத்தால், மடியில் படுத்திருக்கும் பூனையைத் தடவும்போது கையில் படுமே, அது போன்ற ஓர் அதிர்வு தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பசியாறக் கொடுக்க வந்த மருமகள் வழக்கம்போல் மாமியாரின் கையைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"அத்தே, கையிலே அந்த அதிர்வே இல்லியே!"

"சும்மா இரும்மா. நேத்துத்தானே சுத்தம் பண்ணிட்டு வந்தேன். செவ்வாக்கிழமை போறப்ப மிஸ்ஸிகிட்ட சொல்லிக்கலாம். லீவு நாள்லே பிள்ளையை ஏன் அலைய விடணும்?"

அந்தத் தாயின் எண்ணத்தில் குற்றமில்லை. வாரமெல்லாம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் மகனுக்குக் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. அதையும் கெடுக்கக் கூடாது என்று நினைக்கிறார். நம் பெற்றோர் எல்லோரும் இப்படித்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்தால் அந்தக் கையை இழக்க நேரிடலாம். இன்றே புறப்பட்டால் அதைக் காப்பாற்றிவிட நல்ல வாய்ப்பு உண்டு.

அந்தக் கை ஏன் அவ்வளவு முக்கியம்?

நம் சிறுநீரகங்கள் இரவும் பகலும் இரத்தத்தில் உள்ள கழிவையும் வேண்டாத நீரையும் வடிகட்டுகின்றன. அவை செயலிழந்தால் அந்த வேலையை இயந்திரம் செய்ய வேண்டும். இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் இரத்தம் வேண்டும். ஒரு பெரிய கிளாஸ் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இரத்தப் பரிசோதனைக்கு ஊசி போடும் குழாயில் அவ்வளவு ஓட்டம் கிடையாது.

நம் உடம்பில் இரண்டு வகை இரத்தக்குழாய்கள் உள்ளன. இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. அதில் வேகம் அதிகம். ஆனால் ஆழத்தில் இருக்கும். இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோவது சிரை. அது தோலுக்கு அடியிலேயே தெரியும். ஆனால் வேகம் குறைவு. ஊசி போட வசதியான இடத்தில் வேகம் இல்லை. வேகம் உள்ள இடத்தில் ஊசி போட வசதி இல்லை!

டாக்டர்களை இந்தச் சிக்கல் பல ஆண்டுகள் வாட்டியது. ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கோல்ஃப் 1943-இல், போர்க்காலத்திலேயே, செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. சில முறைக்கு மேல் திறப்பதற்குக் குழாய் மிஞ்சாது. ஆகவே சிறுநீரகம் நிரந்தரமாகக் கெட்டவருக்கு அந்த இயந்திரம் அதிகம் பயன்படவில்லை.

1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், தமனியையும் சிரையையும் கைக்கு வெளியே டெப்லான் குழாயால் இணைத்தார். அந்த முறையில் முதலில் சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர் இயந்திரத் தொழிலாளி. சாவின் விளிம்பிலிருந்த அவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் வெளியே இருந்த அந்தக் குழாயில் அடிக்கடி இரத்தம் உறைந்தது, கிருமியும் புகுந்தது.

1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த சிமினோ, பிரெசியா, அப்பெல் ஆகியோரும் அவர்களுடைய துணைவர்களும் இதைவிட எளிய வழி ஒன்றை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் ஒரு சிறு அறுவை செய்து, தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே ஒன்றோடு ஒன்று தைத்துவிடுவது! தமனியின் வேகமான இரத்தம் சிரைக்குள் பாய்கிறது. சில வாரங்களில் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும் பக்குவம் அடைகிறது. இதைத்தான் 'பிஸ்டுலா' என்கிறார்கள். இதில் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் ஓடும். சிரை மெலிந்து போனவர்களுக்குத் தோலுக்கு அடியில் செயற்கைக் குழாய் ஒன்றை வைத்து இணைப்பார்கள். அதற்குக் 'கிராப்ட்' என்று பெயர்.

ஒரு மனிதருக்கு இருப்பவை இரண்டு கைகள்தாம். ஒவ்வொரு கையிலும் பிஸ்டுலாவுக்கு ஏற்ற இடங்கள் இரண்டோ மூன்றோதான். ஒன்று கெட்டால் அடுத்த இடம், அதுவும் கெட்டால் அதற்கடுத்த இடம் என்று போனால், ஒரு நாள் இடமே இல்லாமற் போகும். அதனால்தான் டையாலிசிஸ் செய்பவருக்குப் பிஸ்டுலாவை உயிர்நாடி என்கிறார்கள்.

ஓட்டம் ஏன் நிற்கிறது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்திலிருந்து வடியும்போது பால் தண்ணீராக ஓடுகிறது. அதையே மங்கில் அசையாமல் விட்டுவைத்தால் கட்டிப்பாலாகிவிடுகிறது. உறையக்கூடாது என்பதற்காக அமோனியா கலப்பார்கள். இரத்தமும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் வரை அது திரவம். ஓட்டம் மந்தப்பட்டால் உறைந்து கட்டியாகிறது. டையாலிசிஸ் இயந்திரத்தில் ஓடும் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைச் சேர்ப்பதும் அதற்காகவே.

ஓட்டம் மந்தப்படுவது ஏன்? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: குழாய் ஓரிடத்தில் குறுகிவிடுகிறது. வேகமான ஓட்டத்துக்குப் பழக்கமில்லாத சிரையின் உட்சுவர், அந்த வேகத்தைத் தாங்க முயன்று தடித்துக்கொண்டே போகிறது. திரும்பத் திரும்ப ஊசி குத்துவதால் உண்டாகும் வடுவும் அதோடு சேர்கிறது. ஆற்றில் மண் படிந்தது போலத்தான். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் ஓட்டம் நின்றே போகும்.

ஏற்கெனவே குறுகிய குழாயில் வேறு சில காரணங்களும் சேர்ந்தால் அடைப்பு விரைவாக வரும். டையாலிசிஸ் முடிந்ததும் இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோவது, வயிற்றுப்போக்கினால் உடம்பில் நீர் வற்றுவது, ஊசி எடுத்த இடத்தை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டுவது, அந்தக் கையின்மேல் தலைவைத்துத் தூங்குவது, இறுக்கமான வளையலோ கைக்கடிகாரமோ அணிவது ஆகியவை அவற்றுள் சில.

ரப்பர் கையுறையின் விரல் நுனி

அடைப்பை எடுக்கும் வழி பிறந்த கதையைத் தோட்டத்து மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தாமஸ் ஃபோகார்ட்டி என்ற ஒரு பையன். இளம் வயதிலேயே தந்தையை இழந்தவன். பள்ளியில் படிக்கும்போதே ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனான். கால்களில் இரத்தம் கட்டி வந்தவர்களுக்கு நீளமாக அறுத்து மணிக்கணக்கில் சிகிச்சை செய்வதையும், அப்படிச் செய்தும் பலர் காலையோ உயிரையோ இழப்பதையும் கண்ணால் கண்டான். பெரிய அறுவை இல்லாமல் இந்தக் கட்டியை எடுக்க முடியாதா என்ற கேள்வி அவன் மனத்தில் பதிந்தது.

பின்னர் மருத்துவம் படிக்கும் காலத்தில், மெல்லிய குழாய் ஒன்றின் முனையில் ஒரு குட்டிப் பலூனைக் கட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சுருங்கிய பலூனைக் கட்டியைத் தாண்டி உள்ளே செலுத்த வேண்டும். பிறகு அதை ஊதிப் பெருக்கி வெளியே இழுத்தால், கட்டியும் கூடவே வந்துவிடும்! பலூனுக்கு எங்கே போவது? அறுவைக்கு அணியும் ரப்பர் கையுறையின் விரல் நுனியை வெட்டி எடுத்தார். அதைக் குழாயோடு ஒட்ட அக்காலத்துப் பசைகள் உதவவில்லை. சிறு வயதில் மீன்பிடித் தூண்டிலுக்கு முடிச்சுப் போடக் கற்றிருந்தார். அந்த முடிச்சையே போட்டுக் கட்டினார். 1961-இல் அந்தக் கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. இன்றும் உலகெங்கும் அது ஃபோகார்ட்டி பலூன் என்றே வழங்குகிறது.

அக்காலத்தில் உலகத்துக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் பெரும் பங்கை மலாயாத் தோட்டங்களே தந்துகொண்டிருந்தன. அந்தக் கையுறைக்கான பால் எந்த மரத்தில் வடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம்மவர்கள் வெட்டிய பால் இப்படிப்பட்ட கைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பது உண்மை. பால் வெட்டிய அந்தத் தாயின் கைக்கே இன்று அந்தக் கண்டுபிடிப்பின் பலன் வந்து சேருகிறது.

பலூன் மற்றொரு வேலைக்கும் வந்தது. 1964-இல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் டாட்டர், குறுகிய இரத்தக்குழாயை உள்ளிருந்தே விரிக்கலாம் என்று காட்டினார். 1970-களில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் அதற்கென்று உறுதியான பலூனை உருவாக்கினார். 1977-இல் இருதயத்தின் இரத்தக்குழாயையே பலூனால் விரித்துக் காட்டினார். இருதய நோயாளிகளுக்குச் செய்கிறார்களே, அதே முறைதான் இன்று டையாலிசிஸ் கைக்கும் பயன்படுகிறது.

ஊசித் துளை வழியாக

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். நோயாளிக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. கையில் ஊசி போடும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியைக் கையின்மேல் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். அதன் வழியாக மெல்லிய கம்பி ஒன்று உள்ளே போகும். அந்தக் கம்பியே வழிகாட்டி. சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்க்கும்போது, எங்கே கட்டி இருக்கிறது, எங்கே குழாய் குறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கட்டியை அகற்றுவது. அதற்குப் பல வழிகள் உண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்தை நேராக அதற்குள்ளேயே செலுத்துவது ஒன்று. மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது ஒன்று. சிறு கருவியால் கட்டியை உடைத்துத் தூளாக்குவது ஒன்று. பலூனால் இழுத்து வெளியேற்றுவது ஒன்று. பல வேளைகளில் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே செய்வார்கள்.

கட்டியை எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. குறுகிய இடத்தை அப்படியே விட்டால் மீண்டும் அடைத்துக்கொள்ளும். ஆகவே அந்த இடத்தில் பலூனை நிறுத்தி, மிகுந்த அழுத்தத்தில் ஊதி விரிப்பார்கள். பலூன் விரியும்போது சற்று நேரம் வலி இருக்கும். வலித்தால் வாய்விட்டுச் சொல்லலாம், மருந்து தருவார்கள். விரித்தும் சுருங்கும் இடத்தில் சில வேளைகளில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துவிடுவதும் உண்டு.

இவ்வளவும் பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேர வேலை. கையில் இருப்பது ஊசித் துளைதான். நீண்ட தழும்பு இல்லை. எல்லாவற்றிலும் பெரிய நன்மை, பல நோயாளிகள் அன்றைக்கோ மறுநாளோ அதே கையில் டையாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்பதுதான்.

சில ஆஸ்பத்திரிகளில் கையில் சிறு வெட்டு ஒன்று போட்டு, ஃபோகார்ட்டி பலூனால் கட்டியை எடுப்பார்கள். அதுவும் நல்ல சிகிச்சையே. எது ஏற்றது என்பதை டாக்டர் தீர்மானிப்பார்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி

இப்போது அந்தத் தாயின் வீட்டுக்குத் திரும்புவோம். செவ்வாய் வரை பொறுத்தால் என்ன என்றாரே, என்ன ஆகும்?

முதலாவது, புதிதாக உறைந்த கட்டி இளக்கமாக இருக்கும், எளிதில் வரும். நாளாக நாளாக அது இறுகிக் குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சுவரும் புண்பட்டு வீங்கும். அன்றைக்கே, தவறினால் மறுநாளுக்குள் சிகிச்சை கிடைப்பது நல்லது. கிராப்ட் வைத்தவர்களுக்கு இதைவிடச் சற்று அவகாசம் உண்டு என்றாலும், அதை நம்பித் தாமதிக்கக் கூடாது. அதே சமயம் இரண்டு மூன்று நாள் கடந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. காலம் கடந்தும் திறக்க முடிந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, டையாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் சேரும், மூச்சு முட்டும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இருதயம் திடீரென்று நின்றுவிடவும் கூடும்.

மூன்றாவது, அவசரத்துக்குக் கழுத்துச் சிரையில் குழாய் போட வேண்டிவரும். அது உயிரைக் காக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதன் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலக்கும் அபாயம் பிஸ்டுலாவைவிட மிக அதிகம். நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரையையும் அது குறுக்கிவிடலாம். அப்படியானால் அந்தப் பக்கத்துக் கையில் பிறகு புதிய பிஸ்டுலா செய்வதே கடினமாகும்.

எல்லோருக்கும் பலிக்குமா?

உள்ளதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு ஓட்டம் திரும்புகிறது; ஆனால் எல்லோருக்கும் அல்ல. திறந்த குழாயும் சில மாதங்களில் மறுபடியும் குறுகலாம். மீண்டும் பலூன் போட வேண்டியிருக்கலாம். அதைச் சிகிச்சையின் தோல்வி என்று எண்ண வேண்டாம். கால்வாயை ஒரு முறை தூர்வாரினால் போதுமா? ஆண்டுதோறும் வாருகிறோம் அல்லவா?

கை சிவந்து, சீழ் வைத்துக் காய்ச்சலும் இருந்தால் இந்தச் சிகிச்சையைச் செய்யமாட்டார்கள். கிருமி இரத்தத்தில் பரவிவிடும். அண்மையில் பக்கவாதமோ, இரத்தக்கசிவோ, பெரிய அறுவையோ இருந்திருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்து ஆகாது. சாயமருந்து சிலருக்கு ஒவ்வாது. குழாய் கிழிந்து இரத்தம் கசிவது, சிறு கட்டி நுரையீரலுக்கோ விரல்களுக்கோ போவது போன்ற ஆபத்துகளும் குறைந்த அளவில் உண்டு. ஆகவே பழைய வியாதி, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் கை விரல்கள் குளிர்ந்து, வெளுத்து, வலியெடுத்தால் உடனே சொல்லுங்கள்.

தாய்மார்களே, இதை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்

காலையில் எழுந்ததும் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை பிஸ்டுலாவின்மேல் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். அதிர்வு இருக்கிறதா? காதை வைத்துக் கேளுங்கள். "உஸ்... உஸ்..." என்ற ஓசை விடாமல் வருகிறதா? இரண்டும் இருந்தால் ஆறு ஓடுகிறது.

ஓட்டம் நிற்குமுன் பல வேளைகளில் முன்னறிவிப்புக் கிடைக்கும். மெல்லிய அதிர்வு மாறிச் சுத்தியல் தட்டுவது போன்ற துடிப்பாவது, ஓசை மெலிந்து விசில் போலாவது, ஊசி எடுத்தபின் இரத்தம் நிற்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆவது, கை வீங்குவது, இயந்திரத்தில் அழுத்த மணி அடிக்கடி அடிப்பது, ஊசி போட மிஸ்ஸி சிரமப்படுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே நிலையத்தில் சொல்லுங்கள். அந்த நிலையிலேயே பலூன் போட்டு விரித்துவிட்டால் அடைப்பு வராமலேயே தடுக்க வழி உண்டு. வெள்ளம் வருமுன் அணைபோடச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள்.

அதிர்வு முற்றிலும் நின்றிருந்தால், உடனே டையாலிசிஸ் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். நிலையம் மூடியிருந்தால் கோலகுபு பாரு ஆஸ்பத்திரியோ, உங்களுக்கு அருகில் உள்ள வேறு அரசாங்க ஆஸ்பத்திரியோ, அவசரப் பிரிவுக்குப் போங்கள். "பிஸ்டுலாவில் ஓட்டம் நின்றுவிட்டது, கடைசியாக இன்ன நேரத்தில் அதிர்வு இருந்தது, கடைசி டையாலிசிஸ் இன்ன நாள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அங்கிருந்து வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மாத்திரைகளையும் டையாலிசிஸ் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை கிடைக்கும் வரை தண்ணீரையும் உப்பையும் குறைக்க வேண்டும். வாழைப்பழம், டுரியான், இளநீர் பக்கம் போகவே கூடாது. அவற்றில் பொட்டாசியம் மிகுதி.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கையில் தைலம் தடவி நீவிவிடாதீர்கள்! சுளுக்குக்கு நீவுவது வேறு, இது வேறு. நீவினால் கட்டி நகர்ந்து வேறிடத்துக்குப் போகலாம். சுடுநீர் ஒத்தடமும் கட்டியைக் கரைக்காது, நேரத்தைத்தான் கரைக்கும்.

மற்ற நாட்களிலும் அந்தக் கைக்குத் தனி மரியாதை வேண்டும். அதில் இரத்த அழுத்தம் பார்க்கவும், இரத்தம் எடுக்கவும், மருந்து ஏற்றவும் விடாதீர்கள். "இது டையாலிசிஸ் கை" என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்தக் கையில் பாரம் தூக்க வேண்டாம். மார்க்கெட் பையை முழங்கை மடிப்பில் மாட்டவும் வேண்டாம். ஊசி எடுத்த இடத்தை விரலால் அளவாக அழுத்துங்கள். இரத்தம் நிற்கும் அளவு போதும்.

செலவும் பயணமும்

நம் நாட்டில் இன்று 50,000-க்கும் மேற்பட்டவர்கள் டையாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். புதிதாகச் சேருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீர்தான் காரணம். 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இனிப்புநீர் உள்ளவர். இந்திய சமூகத்தில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே இது நம் வீட்டு விஷயம். அடுத்த வீட்டு விஷயம் அல்ல.

சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளர்கள், அதன் விதிகளுக்கு உட்பட்டுத் தகுதி பெற்றால், டையாலிசிஸ் செலவுக்கு உதவி பெறலாம். சந்தா கட்டியவர் நோயுற்றதும் சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உள்ள சமூகநல அதிகாரியிடம் கேட்பதும் நல்லது. கேட்பதில் வெட்கம் வேண்டாம்; அது உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம்.

பயணத்தைப் பற்றியும் முன்னாலேயே பேசி வையுங்கள். தோட்டத்து டிரசர் கூப்பிடு தூரத்தில் இருந்த காலம் போய்விட்டது. "கை நின்றுபோனால் எங்கே போவது? யார் காரில் போவது? எந்த எண்ணுக்குப் போன் செய்வது?" இம்மூன்று கேள்விகளுக்கும் விடையை எழுதிக் காலண்டர் பக்கத்தில் மாட்டுங்கள். டையாலிசிஸ் நிலையத்திலும் கேளுங்கள்: "பிஸ்டுலா அடைத்தால் நீங்கள் எங்களை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்?" நல்ல நாளிலேயே கேட்டு வைத்தால் அவசர நாளில் கலங்க வேண்டியதில்லை.

மருமகள் என்ன செய்ய வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மாமியார் வேண்டாம் என்கிறார். கணவன் நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்குகிறான். மருமகள் தயங்குகிறாள். பெரியவர் பேச்சை மீறலாமா?

மீறலாம், தங்கச்சி! தாராளமாக மீறலாம். கணவனை எழுப்பு. "அத்தே, செவ்வாக்கிழமை நீங்க போறதுக்குக் கை வேணுமில்லே? வாங்க, இன்னைக்கே போயிட்டு வந்துடலாம்" என்று சொல். அவர் முணுமுணுப்பார், காரில் ஏறும் வரை முணுமுணுப்பார். பரவாயில்லை.

எல்லாம் நல்லபடி நடந்தால், இரண்டொரு நாளில் அதே கையில் ஊசி ஏற்றிக்கொண்டு, அதே கட்டிலில் படுத்து, அதே மிஸ்ஸியிடம் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஓட்டம் திரும்பாமல் போனாலும், உரிய நேரத்தில் டாக்டர் கையில் சேர்ந்ததால் உயிருக்கு ஆபத்தின்றி அடுத்த வழியைத் தேட நேரம் கிடைக்கும்.

கோலகுபுவின் பழைய ஊரை மண் ஒரே நாளில் மூடிவிடவில்லை. சிறுகச் சிறுகத்தான் மூடியது. ஆற்றை அன்று தடுக்க முடியவில்லை. ஆனால் நம் வீட்டுக் கையை நாம் தினமும் தொட்டுப் பார்க்கலாம். அதற்குக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், மூன்று விரல்கள் போதும்.

இன்று இரவு படுக்கப் போகுமுன், உங்கள் வீட்டில் டையாலிசிஸ் செய்பவர் இருந்தால், அவர் கையைப் பிடித்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருங்கள்.